சி.டி.க்கு அனுப்பும் முன் ஓர் ஊசி
தேனி மாவட்ட ஸ்கேன் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஊர்களில் ஸ்கேன் சென்டர் நடத்தும் மருத்துவர்களுக்கும், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். புரோப் பழுதானாலும் திரையில் கோடு விழுந்தாலும் நீங்கள் கூப்பிட்டு அனுப்புகிற சர்வீஸ் இன்ஜினியர்களில் நானும் ஒருவன். சின்னமனூர்க்காரன். உங்களுக்கு மருத்துவம் சொல்லித்தரும் தகுதி எனக்குக் கிடையாது. அதற்காக இதை எழுதவும் இல்லை. உங்கள் அறையில் இருக்கிற இயந்திரத்தால் என்னவெல்லாம் முடியும் என்பது எனக்குத் தெரியும். அதில் முக்கியமான ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களுக்குக் கிடைக்காமலே இருக்கிறது. அதை உங்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லீரலின் வலப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது என்று எழுதுகிறீர்கள். கடைசி வரியில், தடித்த எழுத்தில், 'சஜஸ்டட் சி.இ.சி.டி. கோரிலேஷன்' என்று முடிக்கிறீர்கள். சாயம் ஏற்றி சி.டி. எடுத்துப் பாருங்கள் என்று அர்த்தம். அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. திரையில் சாம்பல் நிறத் திட்டாகத் தெரிவது ரத்தக்குழாய்க் கட்டியா, கொழுப்பு படியாமல் விட்ட இடமா, புற்றுநோயா என்று அந்தச் சாம்பல் நிறத்தை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போகிறவர் யார் என்று பாருங்கள். விடியும் முன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்கு மேலே போகிற பெண்கள். சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கிறவர்கள். சின்னமனூரில் வாழைத்தார் சுமக்கிறவர்கள். உங்களிடம் வந்ததிலேயே ஒரு நாள் கூலி போயிருக்கும். சாயத்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று கிரியாட்டினின் பார்க்க இன்னொரு நாள், சி.டி. எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள். 'அங்க போனா புத்துநோய்னு எழுதிக் குடுத்துருவாங்க' என்ற பயம் வேறு. ரிப்போர்ட்டை நாலாக மடித்து மஞ்சப்பையில் போட்டு பரணில் வைத்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வருஷம் வேறு ஏதோ வலி என்று உங்களிடமே வருவார்கள், கட்டி வளர்ந்திருக்கும். இதை நானாகக் கற்பனை செய்யவில்லை. இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வேலை பார்க்கும்போது உங்களில் சிலரே வருத்தப்பட்டுச் சொன்னது.

தேனி சி.டி. இல்லாத ஊர் அல்ல. க.விலக்கிலும் இருக்கிறது, தனியாரிடமும் இருக்கிறது. நான் கேட்பது சி.டி.க்குப் பதிலாக வேறொன்றை அல்ல. சி.டி.க்கு அனுப்புவதற்கு முன்னால், அதே மேஜையில், அதே புரோபை வைத்து, கையில் ஓர் ஊசி போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள் என்று கேட்கிறேன். கான்ட்ராஸ்ட் ஸ்கேன், நுண்குமிழி ஸ்கேன், சியூஸ் என்று பல பெயர்களில் நீங்கள் எம்.டி. படிக்கும்போதே படித்தது. இந்த மடலை உங்கள் வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்களும் படிக்கட்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சேர்த்தே சொல்லிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னஞ்சிறு குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும் மருந்து அது. உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால்போல ஆகும். அந்தப் பாலில் இருப்பது கோடிக்கணக்கான வாயுக் குமிழிகள். ஏறக்குறைய எல்லாமே ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. பெரும்பாலானவை 6 மைக்ரானுக்கும் கீழே. உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு, வெளியே கொழுப்பாலான மெல்லிய உறை. சோனோவியூ என்ற பெயரில் 2001 முதல் ஐரோப்பாவில் புழக்கத்தில் இருப்பது இதுதான். கல்லீரலுக்கு 2.4 மில்லி ஊசி போதும். குமிழி ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது. சில நிமிடங்களில் வாயு நுரையீரல் வழியாக மூச்சோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை மறந்துவிடாதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

கான்ட்ராஸ்ட் முறையைப் போட்டதும் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் வழக்கமான ஸ்கேன் படம், மறுபாதியில் இருட்டு. முழங்கை மடிப்பில் நல்ல நரம்பாகப் பார்த்து, கொஞ்சம் பெரிய ஊசியாகப் போட்டு, மருந்தை அவசரமில்லாமல் செலுத்தி, பின்னாலேயே உப்புத் தண்ணீரைத் தள்ளும்போது கடிகாரத்தை ஓடவிட வேண்டும். மெல்லிய ஊசியில் வேகமாக அழுத்தினால் குமிழிகள் ஊசியிலேயே உடைந்துவிடும். பத்துப் பதினைந்து நொடியில் இருட்டுப் பாதியில் கல்லீரல் தமனி கொடிபோல ஒளிரும்; இது தமனிக் கட்டம். முப்பது நாற்பது நொடியில் போர்ட்டல் சிரை வழியாக வரும் ரத்தம் கல்லீரல் முழுவதையும் நிரப்பும். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல மங்கும். வரப்பில் நின்றுகொண்டு வாய்க்கால் தண்ணீர் எந்தப் பாத்தியில் முதலில் ஏறுகிறது, எந்தப் பாத்தியில் முதலில் வடிகிறது என்று பார்க்கிற வேலைதான். ஓரங்களில் திட்டுத்திட்டாக ஏறி உள்நோக்கி மெல்ல நிரம்பி, கடைசிவரை வடியாமல் நின்றால் ரத்தக்குழாய்க் கட்டி. கல்லீரல் தழும்பேறிய சிரோசிஸ் நோயாளிக்குத் தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஏறி, ஒரு நிமிடம் கழிந்த பிறகு லேசாக வடிந்தால் கல்லீரலிலேயே தோன்றிய புற்றுநோய் என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே அழுத்தமாக வடிந்து கரும்பள்ளமாகிவிட்டால் வேறு இடத்திலிருந்து பரவியதாக இருக்கலாம். சுற்றியுள்ள கல்லீரலோடு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே வடிந்தால் அது கட்டியே இல்லை, கொழுப்பு படியாமல் விட்ட இடம். நோயாளி எழுந்து சட்டையைப் போடும் முன்பே பாதிப் பதில் கையில் இருக்கும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட இடம். ஊசி ஒன்றுதான் என்றாலும் அதைப் பார்க்கிற முறைகள் பல. எல்லா இயந்திரமும் ஒரே முறையில் பார்ப்பதில்லை. இயந்திரம் வாங்கும்போது விற்பனைப் பிரதிநிதி 'கான்ட்ராஸ்ட் இருக்கு சார்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். எந்த வகைக் கான்ட்ராஸ்ட் என்று நீங்கள் கேட்டாக வேண்டும்.

1968இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்ற இரண்டு மருத்துவர்கள், ஊசி போடும்போது இதயத்துக்குள் போகும் காற்றுக் குமிழிகள் எதிரொலியில் பளிச்சென்று தெரிவதைப் பதிவு செய்தார்கள். எல்லாம் அங்கே தொடங்கியதுதான். இன்றும் எக்கோ பார்க்கும் இடங்களில் உப்புத் தண்ணீரை இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையில் முன்னும் பின்னும் தள்ளிக் குலுக்கி ஏற்றி, இதயத்தின் இடப்பக்கம் குமிழி வருகிறதா என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். செலவே இல்லாத கான்ட்ராஸ்ட் அது. ஆனால் அந்தக் குமிழி நுரையீரலைத் தாண்டாது. கல்லீரல் வரை போய்ச்சேர உறை போட்ட குமிழி வேண்டும். 1990களில் வந்த லெவோவிஸ்ட் என்ற குமிழி மருந்தைப் பார்க்க அதிக அழுத்தத்தில் ஒலியை அனுப்பிக் குமிழியை உடைக்க வேண்டியிருந்தது. உடையும் நொடியில் ஒரு படம். அடுத்த படத்துக்குக் குமிழி திரும்ப நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். தொடர்ச்சியாகப் பார்க்க வழியில்லை. அந்த முறையை இன்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இன்றைய முறைகள் எல்லாம் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை. திரை ஓரத்தில் எம்.ஐ. என்று ஓர் எண் வருமே, வழக்கமான வயிற்று ஸ்கேனில் அது 1ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கான்ட்ராஸ்டில் அது 0.1, 0.2 அளவில் இருக்க வேண்டும். அந்த மெல்லிய அழுத்தத்தில் குமிழி உடையாமல் சுருங்கி விரியும். விரியும் அளவுக்குச் சுருங்காது. இந்தச் சமனின்மைதான் குமிழியின் எதிரொலியை உடல் திசுவின் எதிரொலியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுகிறது.

அந்த வேறுபாட்டைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது பல்ஸ் இன்வர்ஷன். ஒரே இடத்துக்கு இரண்டு ஒலித் துடிப்புகளை அனுப்பும்; இரண்டாவது முதலாவதன் தலைகீழ் வடிவம். திரும்பி வருவதைக் கூட்டினால் திசுவின் எதிரொலி கழிந்துபோய்க் குமிழியினுடையது மட்டும் மிஞ்சும். படம் கூர்மையாக இருக்கும். ஆனால் மிஞ்சுவது இரட்டிப்பு அதிர்வெண்ணில் வரும் ஒலி. ஆழத்திலிருந்து திரும்பும்போது அது வலுவிழந்துவிடும். ஒல்லியான ஆளுக்கு, மேலாக இருக்கிற கட்டிக்கு மிகப் பொருத்தம். இரண்டாவது ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன். ஒரு துடிப்பை முழு வலுவிலும் இன்னொன்றைப் பாதி வலுவிலும் அனுப்பி, பாதியை இரட்டித்துக் கழிக்கும். அனுப்பிய அதே அதிர்வெண்ணில் குமிழி தரும் எதிரொலியும் இதில் கிடைப்பதால் ஆழம் வரை பார்க்கலாம். கூர்மை கொஞ்சம் குறையும். மூன்றாவது வழி இரண்டையும் கலந்தது. வலுவையும் வடிவத்தையும் மாற்றி மாற்றி மூன்று துடிப்புகள் அனுப்பி வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

என் முடிவைச் சொல்கிறேன். நம் பக்கம் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சகஜம். கொழுப்புக் கல்லீரல் ஒலியைக் குடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் கட்டியை வெறும் பல்ஸ் இன்வர்ஷனில் தேடினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். அதனால் தேனிக்கு ஏற்றது கலப்பு முறை. அது கிடைக்காவிட்டால் ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன். பல்ஸ் இன்வர்ஷன் மட்டும் இருக்கும் இயந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை, அதன் எல்லை தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் வசதி இல்லாத இயந்திரத்தில் இந்த ஊசியைப் போட்டு வழக்கமான முறையில் பார்த்தால் குமிழிகள் புரோபுக்கு முன்னாலேயே உடைந்துபோகும். கலர் டாப்ளர் போட்டுப் பார்த்தால் நிறம் குழாயை விட்டு வழிந்து எல்லா இடத்திலும் பரவும். அப்படிப் பார்த்துவிட்டு 'இதில் ஒன்றும் தெரியவில்லை' என்று கைவிட்டவர்கள் உண்டு. அது ஊசியின் குற்றமல்ல. சரியான முறை இருந்தாலும் ஒரே இடத்தில் புரோபை வைத்துத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால் அங்குள்ள குமிழிகள் தேயும். அது கட்டி வடிவதுபோலப் பொய்யாகத் தெரியும். முதல் ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, அதன்பின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புரோபை வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

சி.டி.யோடு ஒப்பிட்டால் எது மேல் என்று கேட்பீர்கள். சி.டி. மூன்று தருணங்களில் மூன்று படம் எடுக்கிறது. தமனிக் கட்டம் ஐந்து நொடி முந்தினாலும் பிந்தினாலும் பளிச்சென்று ஏறியது படத்தில் விழாமலே போகலாம். குமிழி ஸ்கேன் தொடர்ச்சியாக ஓடுகிறது, எதுவும் நழுவாது. ஆனால் சி.டி. நுரையீரல், நிணநீர்க் கணு, எலும்பு என்று மொத்த உடம்பையும் ஒரே மூச்சில் காட்டிவிடும். குமிழி ஸ்கேன் ஓர் ஊசிக்கு ஒரு கட்டியைத்தான் முறையாகப் பார்க்கும். புற்றுநோய் எதுவரை பரவியிருக்கிறது என்று அளக்க சி.டி.தான் வேண்டும். 'இது என்ன' என்ற கேள்விக்குக் குமிழி, 'எவ்வளவு தூரம்' என்ற கேள்விக்கு சி.டி. என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

இந்த முறைக்கு ஒரு சறுக்கலும் நேர்ந்தது, அதை மறைத்துவிட்டு உங்களிடம் பேசக் கூடாது. சி.டி. சாயம் ரத்தக்குழாயை விட்டுத் திசுவுக்குள் கசியும்; குமிழி கசியாது. பித்தக்குழாய்ப் புற்றுநோயில் சாயம் தங்கி நிற்கும், குமிழியோ வடிந்துவிடும். அதனால் குமிழி ஸ்கேனில் பித்தக்குழாய்ப் புற்றுநோயைக் கல்லீரல் புற்றுநோய் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதை பார்சிலோனா மருத்துவர்கள் 2010இல் காட்டினார்கள். அமெரிக்கக் கல்லீரல் சங்கம் தன் வழிகாட்டியிலிருந்து குமிழி ஸ்கேனை நீக்கியது. அதோடு கதை முடியவில்லை. வடிவது எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம் என்று தெரிந்தது. 60 நொடிக்கு முன் வடிந்தால் பித்தக்குழாய்ப் புற்றுநோயின் பக்கம், பின் லேசாக வடிந்தால் கல்லீரல் புற்றுநோயின் பக்கம் என்ற விதி 2016இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் லைராட்ஸ் வகைப்பாட்டில் வந்தது. 2018இல் ஐரோப்பியக் கல்லீரல் சங்கமும் சி.டி., எம்.ஆர்.ஐ.க்கு அடுத்த இடத்தில் இதை மீண்டும் ஏற்றுக்கொண்டது. தவறு கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, விதியாகி வந்திருக்கிற முறை இது. கடிகாரத்தைப் பார்க்காமல் செய்தால் பழைய தவறு திரும்ப வரும் என்பதையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். என் சித்தப்பா கூடலூரில் திராட்சை போடுகிறவர். பல வருஷமாகச் சர்க்கரை, கிரியாட்டினின் ஏறிப்போனவர். வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது, வழக்கமான வரியோடு ரிப்போர்ட் வந்தது. சி.டி. எடுக்கப் போன இடத்தில் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டுச் சாயம் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அது நியாயமே. சாயத்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்து பழைய புத்தகங்கள் பயமுறுத்திய அளவுக்கு இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். ஆனாலும் சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் காட்டும் ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இறங்கியவருக்கு யோசித்துத்தான் ஆக வேண்டும். பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. சாயமில்லாமலே சி.டி. எடுத்து, பணமும் வாங்கிக்கொண்டு, 'தெளிவாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ.க்குப் போனால் அங்கும் சாயத்துக்கு அதே தயக்கம். அந்த மாதங்களில் மனுஷர் சாப்பாட்டைக் குறைத்தார், தோட்டத்தைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்தார், பேத்தி கல்யாணத்தை முன்னால் தள்ளச் சொன்னார். கடைசியில் வெளியூர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில் இந்தக் குமிழி ஊசியைப் போட்டார்கள். ஓரத்தில் ஏறி உள்ளே நிரம்பி நின்றது. ரத்தக்குழாய்க் கட்டி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரை முதலில் பார்த்த ஸ்கேன் இயந்திரத்தில் கான்ட்ராஸ்ட் வசதி இருக்கிறது. அதற்கு சர்வீஸ் செய்கிறவன் நான். சொல்கிறேன்: அந்தப் பொத்தான் இன்றுவரை ஒருமுறைகூட அழுத்தப்படவில்லை.

இதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்ற கேள்வி உங்களுக்கு வரும். சாதாரண ஸ்கேனிலும் டாப்ளரிலும் பிடிபடாத கல்லீரல் கட்டிகளோடு வந்த 1349 பேரை ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து குமிழி ஸ்கேனில் பார்த்தன. 90.3 சதவீதம் சரியாக வந்தது என்று 2008இல் வெளியிட்டார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தற்செயலாகக் கண்ணில் பட்ட கல்லீரல் கட்டி சாதாரண ஸ்கேனில் தெளியாவிட்டால் இதைச் செய்யலாம் என்று 2012இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2016இல் கல்லீரலுக்கு, அதுவும் குழந்தைகளுக்கும் சேர்த்து அனுமதி கிடைத்தது.

ஆபத்து எவ்வளவு என்றால், இத்தாலியில் 23,188 வயிற்றுப் பரிசோதனைகளைத் தொகுத்து 2006இல் ஒரு கணக்கு வெளியானது. பாதகம் ஏற்பட்டது 29 பேருக்கு, கடுமையானது இருவருக்கு, இறப்பு இல்லை. இருந்தாலும் ஒவ்வாமை வரலாம். பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போடக் கூடாது. கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். 2007இல் அமெரிக்க மருந்துத் துறை இத்தகைய குமிழி மருந்துகளுக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டதும் அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தியதும் உங்களுக்குத் தெரியும். அட்ரினலினும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இதைத் தொடங்க வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது.

கல்லீரலோடு இது முடிந்துவிடவில்லை. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்குச் சிறுநீர் மேல்நோக்கி ஏறுகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைக்கிறோம். அதே குமிழி மருந்தைச் சிறுநீர்ப்பையில் செலுத்திக் கதிர்வீச்சே இல்லாமல் பார்த்துவிடலாம். தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கில் மோதியவர் என்று மண்ணீரல் கிழிந்து ஆபரேஷன் இல்லாமல் படுக்க வைத்துக் கவனிக்கப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் சி.டி. அவசியம். பிறகு ஆறுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் சி.டி. தேவையா? அதைக் குமிழி ஸ்கேனிலேயே பார்க்கலாமே.

நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நான் அறிவேன். மருந்துக்கு விலை இருக்கிறது, குப்பியை வாங்கி வைத்து ஆள் வராவிட்டால் நஷ்டம் என்பீர்கள். உண்மைதான். ஒரு சென்டர் தனியாகச் செய்தால் நஷ்டம். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை எல்லாரும் சந்தேகமான கட்டிகளை ஓரிடத்துக்கு, வாரத்தில் குறித்த ஒரு நாளில் அனுப்பினால் குப்பி வீணாகாது. அனுபவம் இல்லை என்பீர்கள். சிதறிக் கிடந்தால் யாருக்கும் வராது. ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு வருஷத்தில் அங்கே கை தேறிவிடும். குடல் வாயு மறைக்கும், உதரவிதானத்தின் கீழே ஒளிந்திருக்கும் கட்டி அகப்படாது என்பீர்கள். அகப்படாதவரை சி.டி.க்கே அனுப்புங்கள்; இன்று நடப்பதைவிட அதில் யாருக்கும் நஷ்டம் வரப்போவதில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இவைதான். க.விலக்கு மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நாள் குமிழி ஸ்கேன் நாளாக அறிவிக்க, அங்கிருக்கும் மருத்துவர்கள் முயற்சி எடுக்க வேண்டும். குமிழி மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்து தர வேண்டும் என்றும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைக்கு இடம் வேண்டும் என்றும் தனியார், அரசு என்ற பேதமில்லாமல் நீங்கள் எல்லாரும் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். ஒரு நோயாளியின் வேண்டுகோளைவிட ஒரு மாவட்டத்தின் ஸ்கேன் மருத்துவர்கள் அத்தனை பேரின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். அடுத்து இயந்திரம் வாங்கும்போது கலப்பு முறைக் கான்ட்ராஸ்ட், பிரிந்த திரை, நொடிக் கடிகாரம், எந்த வயிற்றுப் புரோபில் அது வேலை செய்யும் என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலருடைய இயந்திரத்தில் வசதி ஏற்கெனவே இருக்கிறது, லைசென்ஸ் திறக்காமல் பூட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் முதலில், சிரோசிஸுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களிடம் ஸ்கேனுக்கு வருகிறவர்களையும், சிறுநீரகம் பழுதானவர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். இந்த ஊசி முதலில் சேர வேண்டியது அவர்களுக்கு.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் இயந்திரத்தில் கான்ட்ராஸ்ட் வசதி இருக்கிறதா, எந்த முறை, எந்தப் புரோபில் என்று தெரியவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கூடலூராக இருந்தாலும் ஆண்டிபட்டியாக இருந்தாலும் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம்.